சிவப்புக் கூரையும் தங்க வளைவும்

கட்டடங்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலில் தொடங்கி மாமல்லபுரத்தில் முடிப்பது நம் ஆண்டு மலரின் வழக்கம். நான் எழுத எடுத்துக்கொண்டதோ அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடைகளின் கட்டடங்களை! இளம் அறிவியல் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். காரணம் என் தந்தையார்.

அவர் கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கரணையைப் பிடித்தவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரை ஒட்டிய நால்வழிச் சாலையில் ஒரு தொடர் உணவகம் கட்டினார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். அந்த வேலைக்குப் போய்வந்த ஓர் இரவு அப்பா கேட்டார்: "ஏன் தம்பி, மதுரைப் பக்கம் கட்டினதும் இதே அளவு, இதே முகப்புதானாம். மனை எந்தப் பக்கம் பார்த்திருக்கு, காத்து எங்கிருந்து வருதுன்னு பார்க்காம எல்லா ஊருக்கும் ஒரே பிளானை அனுப்புறாங்களே, அது ஏன்?"

எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. நூலகத்திலும் கைபேசியிலும் தேடித் தேடிப் படித்ததை அவருக்குத் தவணை முறையில் சொல்லி வந்தேன். அவற்றில் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை 1921ஆம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் தொடங்குகிறது. வால்டர் ஆண்டர்சன், பில்லி இங்கிராம் என்ற இருவர் 'ஒயிட் காசில்' என்ற கடையைத் திறந்தார்கள். ஐந்து சென்ட்டுக்கு ஒரு ஹாம்பர்கர். அக்காலத்து அமெரிக்கர்களுக்கு அரைத்த இறைச்சி என்றாலே அச்சம். இறைச்சிக் கூடங்களின் அழுக்கை அம்பலப்படுத்தி அப்டன் சிங்கிளேர் எழுதிய நாவல் 1906இல் வெளிவந்து நாட்டையே குலுக்கியிருந்தது. எனவே கடையை வெள்ளை வெளேரென்று கட்டினார்கள். சிகாகோவில் 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரியாமல் நின்ற தண்ணீர்க் கோபுரத்தைப் பார்த்துச் சிறு கோட்டை வடிவமும் கொடுத்தார்கள். வெள்ளை தூய்மைக்கு, கோட்டை உறுதிக்கு! பின்னர் வெண்பூச்சு ஏற்றிய எஃகுத் தகடுகளாலேயே கடைகளை ஆலையில் செய்து, கொண்டுபோய்ப் பூட்டத் தொடங்கினார்கள். இதைச் சொன்னதும் அப்பா சோற்றில் கையை வைத்தபடியே, "அப்போ கொத்தனாருக்கு அங்கே என்ன வேலை?" என்றார்.

அடுத்து வந்தது ஹோவர்ட் ஜான்சன் கடைகளின் ஆரஞ்சுக் கூரை. காரில் வேகமாக வருகிறவன் கடையின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. தொலைவிலேயே கூரையின் நிறம் தெரிந்தால்தான் காரை ஒடிக்க நேரம் கிடைக்கும். கூரையே பெயர்ப் பலகை ஆகிவிட்டது. 1970களில் இத்தகைய கடைகள் ஏறத்தாழ ஆயிரம் இருந்தன. அப்பாவின் கேள்விக்கு விடையும் இங்கேதான் கிடைக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் பசியோடு நிற்கிறவனுக்கு ஒரே மாதிரிக் கட்டடம் ஒரு வாக்குறுதி. போன ஊரில் தின்றது இங்கும் கிடைக்கும், அதே விலை, அதே சுவை.

ஆனால் அந்த வாக்குறுதி எல்லோருக்குமா? 1957ஆம் ஆண்டு அக்டோபரில் டெலவேர் மாநிலத்து டோவரில், இதே ஆரஞ்சுக் கூரைக் கடை ஒன்றில் ஒருவர் ஆரஞ்சுச் சாறு கேட்டார். உள்ளே உட்கார்ந்து அருந்த இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். காரணம் அவருடைய தோலின் நிறம். அவரோ, அவ்வாண்டுதான் விடுதலை பெற்ற கானா நாட்டின் நிதியமைச்சர் கொம்லா கிபெடெமா! செய்தி உலகெங்கும் பரவ, குடியரசுத் தலைவர் ஐசனோவர் அவரை வெள்ளை மாளிகைக்குச் சிற்றுண்டிக்கு அழைத்துச் சமாளித்தார். அமைச்சருக்கு வெள்ளை மாளிகை கிடைத்தது. வழிப்போக்கரான எளிய கறுப்பருக்கு 1964ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை என்ன கிடைத்தது? இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகளைக் கண்ட நாட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கும் நான் விளக்கவில்லை. "கூரை எந்த நிறமா இருந்தா என்ன, வாசல்ல நிக்கிறவன் எப்படி இருக்கான்னு பார்க்கணும்" என்று மட்டும் சொன்னார்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் கடை நடத்திய ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1952இல் ஸ்டான்லி மெஸ்டன் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தினார்கள். ரிச்சர்டு கிறுக்கிக் கொடுத்த படத்தை வைத்து அவர் வரைந்ததுதான் அந்தத் தங்க வளைவுகள். சிவப்பும் வெள்ளையுமாய் ஓடு பதித்த சிறு கட்டடம். இருபுறமும் கூரையைத் துளைத்துக்கொண்டு எழுந்த மஞ்சள் தகட்டு வளைவுகள். நாம் தாளில் வரையும் பரவளையத்தை ஏறத்தாழ அப்படியே நிமிர்த்தி வைத்தது போல! ஒரு கோணத்தில் நின்று பார்த்தால் இரண்டு வளைவும் சேர்ந்து ஆங்கில 'எம்' ஆகும். கூரையைத் தாங்குவது போல் நின்றாலும் கண்ணைப் பிடித்து இழுப்பதே அவற்றின் வேலை.

ரே கிராக் 1961இல் 27 லட்சம் டாலருக்குச் சகோதரர்களிடமிருந்து தொழிலை விலைக்கு வாங்கினார். அதற்குப் பின் வளைவுகளுக்கு ஆபத்து வந்தது. சாலையோர அலங்கோலத்தைக் கண்டு மக்கள் முகம் சுளித்த காலம் அது. நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்த 1965இல் சட்டமே வந்தது. 1960களின் இறுதியில் வளைவுகள் இறங்கி, செங்கற் சுவரும் சரிவுக் கூரையும் உள்ளே உட்கார நாற்காலியும் வந்தன. வளைவு முத்திரையில் மட்டும் தங்கியது. அதைக் கைவிட வேண்டாம் என்று வாதாடியவர் லூயி செஸ்கின் என்ற உளவியல் அறிஞர். அவர் சொன்ன காரணத்தை இங்கே எழுதினால் மலர்க்குழு வெட்டிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பழைய வளைவுகளோடு டவுனி என்ற ஊரில் 1953ஆம் ஆண்டுக் கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த உரிமையாளரின் ஒப்பந்தம் சகோதரர்களோடு நேரடியாகச் செய்யப்பட்டது. கிராக்கின் நிறுவனம் முகப்பை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியவில்லை. 1994ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் மூடப்பட்டபோது, கட்டடத்தைக் காக்கப் பலர் குரல் எழுப்பினார்கள். 1996இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஒரு காலத்தில் அலங்கோலம் எனப்பட்டது மரபுச் சின்னம் ஆகிவிட்டது!

அப்பாவுக்கு மிகவும் பிடித்தது பீட்சா ஹட் கதை. அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கி 1958இல், அதே விச்சிட்டாவில், இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. "பெத்தவ காசுதானா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர்களுக்காக ரிச்சர்ட் பர்க் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த திமில் வைத்த சிவப்புக் கூரை நாடெங்கும் பரவியது. பிறகு நிறுவனம் அந்தக் கட்டடங்களைக் கைவிட, வேறு கடைகளும் அலுவலகங்களும், ஏன், ஈமச் சடங்கு நிலையங்களும்கூட அவற்றில் குடியேறின. எந்த நிறம் அடித்தாலும் கூரையின் திமில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இன்றைய புதுக் கடைகள் தட்டைக் கூரையிட்ட சாம்பல் நிறப் பெட்டிகள். காரை விட்டு இறங்காமலே சாளரத்தில் வாங்கிப் போகிறவர்களுக்கும், கைபேசியில் வழி பார்த்து வருகிறவர்களுக்கும் கூரை எதற்கு? நாளை கடையை விற்றால் வங்கிக்காரனும் வாங்குவான், மருந்துக் கடைக்காரனும் வாங்குவான். ஹோவர்ட் ஜான்சனின் கடைசிக் கடையும் 2022இல் மூடப்பட்டது.

நம் நாட்டில் கே.எப்.சி. 1995இல் பெங்களூரிலும், மெக்டொனால்ட்ஸ் 1996இல் டெல்லியிலும் நுழைந்தன, இரண்டும் கடைவீதியில்தான். நால்வழிச் சாலைகள் வந்த பிறகுதான் நம் பக்கம் சாலையோரக் கட்டடங்களும் ஒரே முகம் காட்டத் தொடங்கின. அப்பா தூக்குக்குண்டு விட்டு எழுப்பிய சுவரும், மட்டம் பார்த்து ஓடு பதித்த முகப்பும் அவ்வகையில் ஒன்று. திறப்பு விழாவுக்குப் பின் அவர் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை. என் உதவித்தொகை வந்ததும் அழைத்துப் போகிறேன் என்றேன். "அங்க ஒரு தோசை விலைக்கு நம்ம வீட்டுல ரெண்டு நாள் மாவு அரைக்கலாம்" என்று மறுத்துவிட்டார்.

சென்ற மாதம் அந்த உணவகத்தின் முகப்பை மாற்ற உத்தரவு வந்திருக்கிறது. ஓட்டைப் பெயர்த்துவிட்டுச் சாம்பல் நிறத் தகடு அடிக்கப் போகிறார்களாம். பெயர்க்கும் வேலைக்கு மேஸ்திரி அப்பாவைத்தான் கூப்பிட்டார். ஐந்து நாள் வேலை. "எங்கே கலவை கெட்டியா இருக்கு, எங்கே இல்லைன்னு எனக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலையும் உளியையும் பையில் போட்டுக்கொண்டு போனார். உடையாமல் எடுத்த ஓடுகளில் இருபதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் பதிக்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.