சோதனை முடிந்த பின்னும் ஓயாத அச்சம்

"சோதனையில் இல்லை என்று வந்துவிட்டது, ஆனால் உடம்பு தேறவில்லையே, அந்தச் சோதனையை நம்பலாமா?" இக்கேள்வியை நம்மிடம் கேட்போர் பெரும்பாலும் இளைஞர்கள். ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கும், எல்லை தாண்டிப் பெங்களூருக்கும் பிழைப்புக்காகச் செல்பவர்கள். பள்ளிவாசலில் கேட்க நாணுவார்கள். தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின், செருப்பு மாட்டும் இடத்தில் தயங்கி நிற்பார்கள். எச்.ஐ.வி. என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவும் அவர்களுக்கு அச்சம்.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில்தான் இந்நாட்டில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அன்று அவற்றைச் சோதிக்க வேலூர் சி.எம்.சி. வரை கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இன்றோ அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

'கிருமி நுழைந்ததும் சோதனை காட்டிவிடாதாமே' என்ற ஐயம் நியாயமானதே. உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும் வரை அது எதிர்ப்பொருள் சோதனையில் தென்படாது. நரம்பிலிருந்து இரத்தமெடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 45 நாட்கள் போதும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் எதிர்ப்பொருள் சோதனைக்கு 90 நாட்கள் கணக்கு. அதற்குப் பின்னும் 'இல்லை' என்று வந்து, இடையில் புதிய தொடர்பு எதுவும் நேராதிருந்தால், அதுவே முடிவு. தடுப்பு மருந்து உட்கொண்டவர்கள் மட்டும் நாள் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் சோதனையில் 'இல்லை' என்றால் மையத்தில் அத்துடன் நிறுத்திவிடுவதும் பலருக்கு உறுத்துகிறது. ஒருவருக்கு நோய் 'உண்டு' என்று அறிவிப்பதற்குத்தான் வெவ்வேறு விதமான மூன்று சோதனைகள் ஒத்து வர வேண்டும். முதலில் வைக்கும் சோதனையோ, எதையும் தவறவிடாதபடி மிகுந்த நுண்ணுணர்வுள்ளதாகத் தேர்ந்தெடுக்கப்படுவது. அது 'இல்லை' என்ற பின் மற்ற இரண்டுக்கும் வேலையில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர் ஐந்து முறை சோதித்தார். கடைசி இரண்டும் ஆறு மாதம் கடந்த பிறகு. ஐந்திலும் 'இல்லை'. ஆனாலும் நாக்கில் வெண்மை, களைப்பு, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று நாளெல்லாம் அழுத்திப் பார்த்தே அவ்விடம் நோவெடுத்துவிட்டது. நிகாஹ் பேச்சை இரண்டு முறை தள்ளிப் போட்டார்; காரணம் அறியாத தாயார் அழுதார். புதிதாகத் தொற்றியவர்களுக்குக் காய்ச்சல் போன்றவை வருமானால், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் வந்து தாமே தணியும். மாதக்கணக்கில் நீடிப்பவற்றை, 'இல்லை' என்ற முடிவு கையிலிருக்கும்போது, எச்.ஐ.வி.யின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அவை கற்பனையுமல்ல! உறக்கமின்றியும் உணவின்றியும் அஞ்சிக் கிடக்கும் உடல் மெலியத்தான் செய்யும். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய் இவற்றையும் பார்க்க வேண்டும். ஒரே சோதனையை ஆறாவது முறை செய்வதில் இவை தெரியப்போவதில்லை.

ஒளூ முறிந்ததோ என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் கழுவுபவரை நாம் அறிவோம். உறுதியானதை ஐயத்தால் நீக்கக் கூடாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதி. வஸ்வாஸ் நுழையும் வழி இங்கும் அதுவே. அச்சகோதரருடன் நீண்ட நேரம் பேசிய பிறகே ஒன்று விளங்கிற்று: செய்த பாவத்திற்குத் தண்டனை வந்தே தீர வேண்டும் என அவர் உறுதி கொண்டிருந்தார், அது தம் இரத்தத்தில் எழுதியிருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார். தவ்பா ஏற்கப்பட்டதா என்பதை எந்த ஆய்வகத் தாளும் சொல்லாது. அதை அல்லாஹ்விடமே கேட்க வேண்டும். அவன் மறைத்ததை ஊரறியச் செய்யவும் தேவையில்லை.

இவ்வச்சம் மாதக்கணக்கில் விடாது பிடித்திருந்தால் மனநல மருத்துவரைக் காண்பதில் இழுக்கில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நமக்குத் தொலைவன்று. டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097. பெயரும் முடிவும் வெளியே போகுமோ என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி: 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்புதலின்றி எவரையும் இச்சோதனைக்கு உட்படுத்தலாகாது, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடவும் கூடாது. வரன் பேசும்போது மணமகனின் சோதனைத் தாளை ஊர் நடுவே கேட்பவர்களும் இதை அறிந்துகொள்வது நல்லது.