மங்கல வழக்கும் மணிமருந்தும்

அரசியல் சரிநிலை எல்லை மீறிவிட்டது என்ற முறையீட்டை இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கிறோம். பழமொழி சொல்லவே அஞ்ச வேண்டியிருக்கிறது என்பார் ஒருவர். சிறுகதையில் வரும் குடிகாரன்கூட ஆசிரியர் குழுவின் ஒப்புதல் பெற்றுத்தான் வைய வேண்டும் போலும் என்பார் இன்னொருவர். வகுப்பில் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று சொல்லத் தொடங்கி, முன்வரிசையில் காதொலிக் கருவி அணிந்த மாணவியைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்ட சக பேராசிரியர் ஒருவர், இனி 'விழலுக்கு இறைத்த நீர்' ஒன்றே பாதுகாப்பானது என்று சலித்துக்கொண்டார். அனைவரும் சிரித்தோம். ஆயினும் அவர் நிறுத்திக்கொண்டது அச்சத்தாலா, நாகரிகத்தாலா என்ற கேள்வி அந்தச் சிரிப்போடு தீர்ந்துவிடவில்லை.

இதற்கு விடை தேட மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வரை போக வேண்டியதில்லை. நன்னூலிலிருந்தே தொடங்கலாம். தகுதி வழக்கைப் பவணந்தியார் மூன்றாகப் பகுத்தார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். கால் கழுவி வந்தான் என்பது போல. அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பது போல. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல. தொல்காப்பியமும் அவையல் கிளவியைப் பற்றிப் பேசியிருக்கிறது. ஆக, சொல்லை அடக்கிப் பேசுதல் என்பது நமக்கு இறக்குமதிச் சரக்கன்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மூன்றுமே பேசுபவரை மையமாகக் கொண்டவை. கூச்சப்படுபவரும், அமங்கலத்துக்கு அஞ்சுபவரும், மறைக்க விரும்புபவரும் பேசுபவரே. பேசப்படுபவர் எழுந்து நின்று, 'என்னை இன்ன பெயரால் அழை' என்று கேட்கும் நான்காவது வழக்கு ஒன்று உண்டு. இலக்கண நூலில் அதற்குப் பெயர் இல்லை. எங்கள் விருதுநகர் வட்டாரத்தில் அதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1899இல் சிவகாசிக் கொள்ளை நிகழ்ந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காகவும் சமூக மதிப்புக்காகவும் நடந்த நீண்ட பூசலின் உச்சம் அது. அரசு ஏடுகளில் சாணார் என்று எழுதப்பட்டு வந்த மக்கள், 1910இல் மகாஜன சங்கம் கண்டு, விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பம் அனுப்பி, 1921இல் நாடார் என்ற பெயரை அரசு ஏற்கும்படி செய்தார்கள். மறு ஆண்டே, எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால், பழைய இழிபெயர்கள் நீங்கி ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசாணையில் ஏறியது. 2021இல் ஏழு பிரிவினரைத் தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் அம்மக்கள் நெடுநாள் கேட்டதன் விளைவே. அரவாணி என்பது போய்த் திருநங்கை என்பது நிலைபெற்றதையும் இவ்வரிசையில் வைக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஹரிஜன் என்ற சொல். காந்தியடிகள் நல்லெண்ணத்தோடுதான் அதை வழங்கினார், ஐயமில்லை. ஆனால் பெயர் சூட்டப்பட்டவர்கள் அதைக் கேட்கவில்லை. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அச்சொல் ஒரு மசோதாவில் இடம்பெற்றபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். கடவுளின் மக்கள் என்பதைவிட மங்கலமான சொல் வேறு எது? அந்த மங்கலமே அவர்களுக்கு ஏற்புடையதாக இல்லை. கேட்டுப் பெற்ற பெயருக்கும் வழங்கப்பட்ட பெயருக்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகிறது.

பெயரில் என்ன இருக்கிறது, சோறு போடுமா என்று கேட்பவர்கள் 1997ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அன்று எங்கள் மாவட்டத்தின் பெயர் காமராசர் மாவட்டம். இங்கே புதிதாக அமைந்த போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனோடு நின்று போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியது. ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் அவ்வாண்டு ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. பேருந்தின் பக்கவாட்டில் எழுதிய சில எழுத்துகளுக்கு இத்தனை எதிர்ப்பு வந்ததென்றால், சொல் வெறும் சொல் அன்று என்பதை எதிர்த்தவர்களே மெய்ப்பித்துவிட்டார்கள்.

எனில் சொல்லை மாற்றிவிட்டால் போதுமா? நாம் வாழும் விஸ்வநத்தத்தின் பெயரிலேயே இதற்கான பாடம் இருக்கிறது. நத்தம் என்பது குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம். கிராம நத்தம் என்று வருவாய்த்துறை இன்றும் எழுதுகிறது. அதற்கு அப்பால் இருப்பது சேரி. இந்தச் சேரி என்ற சொல் பிறக்கும்போது இழிசொல்லாக இருக்கவில்லை. சேர்ந்து வாழும் இடம் எதுவும் சேரிதான். சோழர் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி உண்டு. அங்கேயே தீண்டாச்சேரியும் உண்டு. நாளடைவில் பிற சேரிகள் தெருக்களாக உயர்ந்துவிட, ஒதுக்கப்பட்டவர்களின் இருப்பிடத்துக்கு மட்டும் அப்பெயர் தங்கிப்போனது. பிறகு அரசு வீடு கட்டிக் கொடுத்துக் காலனி என்றது. ஆங்கிலச் சொல்லாயிற்றே, கறை படியாது என்று எண்ணியிருப்பார்கள். ஒரு தலைமுறைக்குள் 'எந்தப் பக்கம், காலனியா?' என்ற கேள்வியே சாதி விசாரிப்பாகிவிட்டது. 2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. முகவரி எழுதக் கூசிய மாணவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த இடம் ஊருக்கு வெளியே இருக்கும் வரை, அடுத்து வரும் சொல்லிலும் அதே கறை ஏறுவதற்குக் காலம் அதிகம் பிடிக்காது.

மங்கல வழக்கின் ஆபத்து இதைவிடக் கூர்மையாகத் தெரிவது மாற்றுத்திறனாளி என்ற சொல்லில். 2010இல் கலைஞர் ஆட்சியில் ஊனமுற்றோர் என்பது நீக்கப்பட்டு இச்சொல் அரசு வழக்காயிற்று. எங்கள் ஊரில் பிறவியிலேயே கால் சூம்பிய ஒருவர் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "முன்னாடியெல்லாம் நொண்டி கடைன்னுதான் அடையாளம் சொல்லுவாங்க அண்ணாச்சி. இப்ப பிள்ளைகளுக்குக்கூட வேற பேரு தெரிஞ்சிருக்கு. அதுவே பெருசுதான்" என்றார். இதற்கு மேல் அச்சொல்லுக்குச் சான்றிதழ் தேவையில்லை.

அதே ஊரில், நம்மிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருத்தி கட்டுரை ஏட்டில் தன் தாயைப் பற்றி எழுதியிருந்தாள். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலையில் இருந்தவர் அவள் தாய். தீப்பற்றியதில் வலக்கை விரல்களை இழந்தவர். 'ஊனம்' என்று அவள் எழுதியிருந்ததைச் சுட்டி, மாற்றுத்திறனாளி என்று எழுதலாமே என்றோம். "எங்கம்மாவுக்கு மாத்துத் திறன் ஒண்ணும் வரலைங்கய்யா. வெரலுதான் போச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. தகவல் சொல்வது போலவே சொன்னாள்.

அவள் சொன்னதில் இலக்கணமும் இருக்கிறது. ஊனமுற்றோர் என்னும் சொல்லில் 'உற்ற' என்றொரு வினை இருக்கிறது. ஏதோ நேர்ந்தது என்று அது சொல்கிறது. எப்படி நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று கேட்க இடம் வைக்கிறது. மாற்றுத்திறனில் அந்த வினை மறைந்து, இழப்பு ஒரு வகைத் தகுதியாகிவிடுகிறது. இழப்பீடு கேட்டு நிற்கும் ஒருவருக்குத் திறனாளி என்ற பெயர் எவ்வகையில் துணை நிற்கும்? ஐக்கிய நாடுகள் அவையின் மொழி வழிகாட்டிகள் இத்தகைய புகழ்ச்சிப் பெயர்களைத் தவிர்க்கச் சொல்வதும், 2015இல் பிரதமர் முன்மொழிந்த திவ்யாங் என்ற சொல்லை உடல் குறைபாடுடையோர் அமைப்புகள் பல மறுத்ததும் இக்காரணம் பற்றியே. கடைக்காரருக்கு மதிப்புத் தந்த சொல், மாணவியின் தாய்க்கு நேர்ந்ததை மறைத்தது. ஒரே ஊரில், ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு. எனவே எந்தச் சொல் சரி என்று பட்டியல் போட்டு இவ்வழக்கைத் தீர்க்க முடியாது. யார் கேட்டார், யாருக்கு நன்மை என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

துப்புரவுப் பணியாளர் 2020இல் தூய்மைப் பணியாளர் ஆனார். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு, தம் பணி தனியாரிடம் போவதை எதிர்த்து 13 நாட்கள் அமர்ந்திருந்தவர்கள் இப்பெயரைத் தாங்கியவர்களே. நள்ளிரவில் அவர்கள் கைது செய்யப்பட்டு அகற்றப்பட்டபோதும், செய்திகள் அவர்களை மிகச் சரியாகத் தூய்மைப் பணியாளர்கள் என்றே குறிப்பிட்டன. பெயரில் குறையொன்றும் இருக்கவில்லை.

எங்கள் பட்டாசு வட்டாரத்தில் மங்கல வழக்குக்குத் தனி அகராதியே போடலாம். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவைக்கு இங்கே மருந்து என்று பெயர். அதன் ஒரு வகை மணிமருந்து. உயிரைக் குடிக்கும் பொருளுக்கு உயிர் காக்கும் பொருளின் பெயர்! இது தொழிலாளர் வழக்கு. அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் நாளேடுகளில் வரும் வாக்கியம் வேறு வகை: 'மணிமருந்து தயாரித்தபோது உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து நிகழ்ந்தது.' 1991இல் மீனம்பட்டி, 2012இல் 35க்கும் மேற்பட்டோர் மாண்ட முதலிப்பட்டி, 2021இல் அச்சங்குளம், 2024இல் செங்கமலப்பட்டி, 2025இல் சின்னக்காமன்பட்டி. ஊர்கள் மாறின, வாக்கியம் மாறவில்லை. அந்த வாக்கியத்துக்கு எழுவாய் உராய்வுதான். அளவுக்கு மேல் ஆட்களை அமர்த்தியவர், உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டவர், ஆய்வுக்கு வராமலே கையெழுத்திட்டவர் யாராக இருப்பினும், அவருக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. எவர் மனத்தையும் புண்படுத்தாத வாக்கியம் அது. இதைவிடச் சரிநிலை கொண்ட வாக்கியத்தை எந்த வழிகாட்டியாலும் எழுதிவிட முடியாது. மென்மொழி எல்லை மீறிவிட்டது என்று வருந்தும் நண்பர்கள் இந்த வாக்கியத்தைப் பற்றி வருந்தி நாம் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை மாற்றினால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். தமிழில் முடியாது. நம் மொழியில் மதிப்பும் இழிவும் வினைமுற்றில் குடியிருக்கின்றன. 'மாற்றுத்திறனாளி ஒருத்தன் வந்தான்' என்று தேநீர்க் கடையில் இயல்பாகச் சொல்கிறார்கள். பெயர் அரசாணைப்படி இருக்கிறது. விகுதி பழையபடி இருக்கிறது. பட்டாசு ஆலையில் ஐம்பது வயதுப் பெண்ணை, அவர் மகன் வயதுள்ள போர்மேன் 'ஏ, இங்க வா' என்கிறான்; அவர் 'என்னங்க சார்' என்கிறார். எழுபது வயது முதியவரை, அவர் காலனியிலிருந்து வருபவர் என்ற ஒரே காரணத்தால் பேர் சொல்லி அழைக்கும் சிறுவர்களை இன்றும் காணலாம். அர் விகுதிக்கு அரசாணை கிடையாது. அதை எந்தத் துறையும் பெயர் மாற்றித் தர இயலாது. அன்றாட மொழியில் சரிநிலை அளவு கடந்துவிட்டதா என்று நம்மைக் கேட்டால், பெயர்ச்சொல்லைத் தாண்டி வினைமுற்று வரைக்கும் அது இன்னும் வந்து சேரவே இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இலக்கியத்துக்கு வருவோம். கதைமாந்தர் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் பேச வேண்டும். முதலாளி 'ஏ, வா' என்று அழைப்பதை 'வாருங்கள்' என்று திருத்தி எழுதினால், அந்த உலகில் நடக்கும் அநீதிக்கும் வெள்ளையடித்ததாகிவிடும். பழம் பிரதிகளில் உள்ள இழிசொற்களை நீக்கிப் பாடம் நடத்துவதையும் நாம் ஏற்கவில்லை. அச்சொற்கள் வழங்கின என்பதை மாணவர்கள் அறிந்தாக வேண்டும். ஆனால் கதைமாந்தரின் வாய்ச்சொல் வேறு, ஆசிரியரின் வாய்ச்சொல் வேறு. பாடத்தில் உள்ள பழமொழி வேறு, முன்வரிசை மாணவியின் முகத்துக்கு நேரே நாம் எடுத்தாளும் பழமொழி வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்து பாதியில் நிறுத்திக்கொண்ட அந்தப் பேராசிரியர் இழந்தது ஒன்றுமில்லை. விழலுக்கு இறைத்த நீரும் நல்ல தமிழ்தான்.