ஜக்கார்டு அட்டையில் ஒரு ரயில் என்ஜின்

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் கோழி கூவுவதற்கு முன்பே தறிச் சத்தம் கேட்கும் என்பார்கள். இப்போது அந்தச் சத்தம் குறைந்துவிட்டது. பையன்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். தறிக்குழியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள்தான். அவர்களுக்கும் இடுப்பு போய்விட்டால் அப்புறம் என்ன செய்வது? இதற்கு எங்கள் வீட்டில் கிடைத்த பதிலைத்தான் எழுதுகிறேன். பதில் ஒரு ரயில் என்ஜின் என்றால் சிரிக்காதீர்கள், சகோதரிகளே!

என் கணவர் பன்னிரண்டு வயசில் தறியில் உட்கார்ந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் இடுப்பில் பிடித்த வலி காலுக்கு இறங்கியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குழித்தறியில் நாள் பூரா உட்காரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இருக்கும். இரண்டையும் நெய்யும்போதே சேர்ப்பதற்குப் பெயர் கோர்வை. மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த இன்னொருவர் நான்தான். ஆகவே, "நான் நடுவில் உட்கார்ந்து நெய்கிறேன், நீங்கள் கோர்வை தள்ளுங்கள். நினைத்தபோது எழுந்து நடக்கலாம்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீ நெய்ய, நான் எடுபிடியா உட்காரணுமா?"

அதோடு பேச்சு நின்றது. சாப்பிடுவார், படுப்பார், சுவரைப் பார்ப்பார். வலியைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. வேலை இல்லாத கை எங்கெங்கே போகும் என்று எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

பரணில் பழைய ஜக்கார்டு அட்டைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஓட்டை போட்ட கெட்டி அட்டை. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்று கோத்து மாட்டினால், எந்த நூல் மேலே எழ வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள் சொல்லும். டிசைன் பழசாகிவிட்டதால் காயலான் கடைக்குப் போட எடுத்து வைத்தேன். அதிலிருந்து ஒரு கட்டை இவர் எடுத்துக்கொண்டார். கத்தரிக்கோல் கேட்டார். பத்து நாளைக்கப்புறம் அவர் வாயாகக் கேட்ட முதல் பொருள் அது!

சின்ன வயசில் இவருடைய அப்பா இவரைக் காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்க் கரி என்ஜினைக் காட்டுவாராம். செங்கல்பட்டு - அரக்கோணம் பாதை அப்போது மீட்டர் கேஜ். தண்டவாள அகலம் 1,000 மில்லிமீட்டர். இப்போது அது அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜில் பாசஞ்சர் வண்டிகளை இழுத்தவற்றில் ஒய்.பி. வகை என்ஜின் பேர் போனது. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கம்பெனி நிறையச் செய்தது. அதைத்தான் இவர் செய்யத் தொடங்கினார்.

கணக்கு சுலபம். நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. ஒய்.பி.யின் பெரிய சக்கரம் நாலரை அடி, ஆகவே நாலரை சென்டிமீட்டர். அட்டையை வட்டமாக வெட்டி நாலு அடுக்கு ஒட்டினால் சக்கரம். ஆரக்கால்களுக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி. கொதிகலனுக்குத் துணி சுற்றி வரும் அட்டைக் குழல். கைப்பிடிக் கம்பிக்குத் தறியில் கழித்த கம்பி. தகடுகளை இணைக்கிற ரிவிட் ஆணிக்கு என்ன செய்வது என்று யோசித்தார். மெல்லிய அட்டையின் பின்பக்கம் மை தீர்ந்த பேனா ரீபிளால் அழுத்தினால் முன்பக்கம் புள்ளி எழும்பும். உலையில் அரிசி வேகிற நேரத்தில் நானும் உட்கார்ந்து குத்தினேன். கோர்வைக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம்தானே!

என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "ஆம்பளை பொம்மை செஞ்சா அடுப்பு எரியுமா அண்ணி?" என்றாள். கேட்டதில் தப்பில்லை. அப்போது இரண்டு தறியும் சும்மா நின்றன. மகளின் காலேஜ் பீஸுக்கு என் வளையல் அடகுக்குப் போயிருந்தது.

மகள்தான் செல்போனில் தேடிப் படித்துச் சொன்னாள், பொம்மை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம் என்று. அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் சிரில் ஃப்ரை என்று ஒருவர் ரயில்வே பணிமனையில் படம் வரைகிற வேலை பார்த்தாராம். தம் நாட்டு ரயில்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் சின்னதாகச் செய்து வைத்தார். இன்று அவை டப்ளினுக்குப் பக்கத்தில் மாலஹைட் என்ற ஊரில் காட்சியில் இருக்கின்றன. அந்த நாட்டில் தண்டவாள அகலம் 5 அடி 3 அங்குலம், இங்கிலாந்தில் 4 அடி எட்டரை அங்குலம். கடையில் விற்கிற மாதிரித் தண்டவாளம் அவர்கள் கணக்குக்குச் சரியாக வராது. நம் நாட்டு மீட்டர் கேஜுக்கும் அதே கதைதான். கடையில் கிடைக்காததைக் கைதான் செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். பிரான்சில் ஜக்கார்டு தம் அட்டைத் தறியைக் கொண்டுவந்தது 1804-ஆம் வருஷம். வேல்ஸ் நாட்டில் டிரெவிதிக் என்பவருடைய நீராவி என்ஜின் முதல்முதலாகத் தண்டவாளத்தில் பாரம் இழுத்ததும் அதே 1804! இதைக் கேட்டுவிட்டு இவர் சிரித்தார். "அப்ப ரெண்டும் ஒரே வயசு. அதான் ஒட்டுது" என்றார். அந்தச் சிரிப்பை நான் எத்தனை மாசம் கழித்துப் பார்த்தேன், தெரியுமா?

லீவில் மூன்று பேரும் சென்னைக்குப் போய், பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002-ல் திறந்த ரயில் மியூசியத்தைப் பார்த்தோம். பழைய என்ஜின்கள் வெளியிலேயே நிற்கின்றன. இவர் இடுப்பு வலியை மறந்து குனிந்து, நூலில் முடிச்சுப் போட்டு அளவெடுத்தார். பாவு அளக்கிற கை அல்லவா?

ஒய்.பி. என்ஜின் முடிய ஏழு மாசமாயிற்று. கறுப்பு வண்ணம் பூசி அலமாரியில் வைத்த மறுநாள் காலை, நான் கேட்காமலே இவர் தறிப் பக்கம் வந்தார். "நீ நடுவில உட்காரு. நான் கரை தள்ளறேன்" என்றார். இப்போது ஒரு தறி ஓடுகிறது. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிறார். என் கை தவறும் இடத்தைப் பார்த்துச் சொல்லித் தருகிறார். முன்னே வந்த வருமானத்தில் பாதிதான் வருகிறது. வளையல் இன்னும் திரும்பவில்லை. ஆனால் வீட்டில் பேச்சு திரும்பிவிட்டது.

வீட்டில் ஓய்ந்து உட்கார்ந்த பெரியவர்களுக்கோ, லீவில் இருக்கும் பிள்ளைகளுக்கோ இதைச் சொல்லிக் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் ஒரு சரக்கு வாகன் செய்யட்டும். அது வெறும் பெட்டிதான், சீக்கிரம் முடியும், உற்சாகம் வரும். பிளேடு வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் சின்னச் சக்கரம், கம்பித் துண்டு எதையும் தரையில் விடாதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும். பெயிண்டும் தின்னரும் ஜன்னல் திறந்த இடத்தில்தான். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் கண்ணைத் தூக்கித் தூரத்தில் பார்க்க வேண்டும். இடுப்பு வலிக்காரர்கள் தரையில் குனிந்து செய்யாமல், நெஞ்சு உயரத்துக்கு மேஜை போட்டுக்கொள்வது நல்லது.

இப்போது நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை என்ஜின் நடக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தில் பிறந்த என்ஜின் அது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் இருக்கிறது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற செங்குத்தில், என்ஜினின் பல்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும். நாலு சிலிண்டரில் இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. முதல் இரண்டில் வேலை செய்த ஆவியே அடுத்த இரண்டுக்கும் போகிறது. சிக்கனத்தைப் பாருங்கள்!

அந்தப் பல்சட்டத்துக்கு எதை வைப்பது என்று ஒரு வாரம் யோசித்தார். நேற்று என் சீப்பைக் காணோம். கேட்டால், "நீலகிரிக்குப் போயிருக்கு" என்கிறார்.