முதல் மார்க் வாங்கிய பிள்ளை

பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நான்தான் முதல் மார்க். எங்கள் ஊர் மேல்சித்தாமூரில் பார்சுவநாதர் கோயில் பக்கம் நடந்தால், "சென்னையில வேலை பாக்குற புள்ளதானே?" என்று யாராவது பெருமையாகக் கேட்பார்கள். அந்தப் பெருமைதான் ராத்திரியில் நெஞ்சில் கல்லாக ஏறி உட்கார்ந்தது.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம். ஊருக்கு வரும் வழியில், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மூச்சு முட்டி, கை நடுங்கி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதயம் நன்றாக இருக்கிறது, இது பதற்றம் என்றார் டாக்டர்.

அதன்பின் நான் பார்த்த மனநல ஆலோசகர் கேட்டார்: "நீங்க தோத்துட்டா உங்களை யார் வெறுப்பாங்க?" எவ்வளவு யோசித்தும் ஒரு பெயர்கூட வரவில்லை. அழுதேன். பிறகு, பயந்த இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகப் பழக்கினார். அதே பஸ் ஸ்டாண்டில் முதலில் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து.

"இதுக்கெல்லாமா டாக்டர்?" என்று பயந்த அம்மா, இப்போது "இந்த வாரம் போனியாடா?" என்று தானாகவே கேட்கிறாள்.

வீட்டின் முதல் பட்டதாரியாக எல்லோர் கனவையும் சுமக்கும் தம்பி தங்கைகளே, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். தயங்காமல் கூப்பிடுங்கள்.