தொங்கக் காம்பிராவில் ஒரு சேர்வர்

டயகமவில் நாலு மணிக்கே லைட்டைப் போட வேண்டியிருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் காட்டிலிருந்து இறங்கும் பனி முதலில் மேட்டு லயத்தை மறைக்கும். பிறகு கோயிலை, பிறகு ரோட்டை. லயத்தின் கடைசி அறையான தொங்கக் காம்பிராவின் இஸ்தோப்பில் ஒரு வாங்கு கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் உள்ளே நடப்பது முழுக்கத் தெரியும்.

சுவரில் ஆணியடித்த பலகைத் தட்டு. அதன்மேல் திரை உடைந்த பழைய லெப்டொப் ஒன்று, பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு ரவுட்டர். அடுப்புப் புகை எட்டாத, கூரை ஒழுகாத மூலையாகப் பார்த்து வைத்திருக்கிறான் இந்த வீட்டுப் பையன். கொழும்பில் கடை வேலைக்குப் போய்த் திரும்பியவன். டெபியன் லினக்ஸ் போட்டு, அதைச் சேர்வராக இரவு பகலாக ஓடவிட்டிருக்கிறான்.

இதற்குப் பழைய டெஸ்க்டொப் வைத்தால் எழுபது வோற்றாவது இழுக்கும். மாதம் ஐம்பது யூனிட் ஓடிவிடும். முப்பது யூனிட்டைத் தாண்டினாலே கட்டணப் படி ஏறுகிற வீட்டுக்கு அது கட்டாது. இந்த லெப்டொப் பத்து வோற்று, மாதம் ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். கரண்டு போனாலும் உள்ளேயிருக்கும் பெற்றரி கொஞ்ச நேரம் தாங்கும். சார்ஜ் இறங்கியதும் தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருண்டு கிடந்த நாடு இது. சட்டென்று கரண்டு அறுந்தால் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து இஸ்தோப்பில் மூன்று பிள்ளைகள் ஒரே ஃபோனுக்குள் தலையை நுழைத்திருக்கிறார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், ஓ.எல். பழைய வினாத்தாள்கள், கிவிக்ஸ் செயலியில் இறக்கிய தமிழ் விக்கிப்பீடியா, எல்லாம் அந்தத் தட்டிலிருந்து வைஃபையில் வருகின்றன. ரீலோட் தேவையில்லை, சிக்னலும் தேவையில்லை. கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

கொழுந்து நிறுத்துவிட்டு ஒரு பெண் வருகிறார். இடுப்பில் கட்டிய படங்கு இன்னும் ஈரம். கையில் சொப்பிங் பேக்.

"தம்பி, அவரோட சட்டிபிக்கேட்டு நனைஞ்சிருச்சு. எழுத்து தெரியுமா பாரு."

"தெரியுது பெரியம்மா. நம்பர் நல்லா இருக்கு. உக்காருங்க."

துணியில் ஒற்றி, வெளிச்சத்தில் விரித்து, ஃபோனில் படம் எடுக்கிறான். பெயர், பதிவு இலக்கம், திகதி, பதிவுப் பிரிவு நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதுகிறான். அடுத்து அடையாள அட்டை, அடுத்து சேமலாப நிதிக் காகிதம். ஒன்றில் கணவர் பெயர் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருக்கிறது. பென்சன் வயதில் பணம் எடுக்கப் போகும்போது அந்த ஓர் எழுத்து எத்தனை நடை நடக்கவைக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிகிறது. பேசாமல் குறித்துக்கொள்கிறான்.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களின் பெரும்பகுதியை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மிச்சமிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003-இல். அவ்வளவு காலம் ஒரு சனத்தின் விதி காகிதத்தில் தொங்கியது. அந்தக் காகிதம் இருப்பதோ பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவின் தகரப் பெட்டியில். லயத்துக்குக் கூரை ஒன்றுதான். ஒரு காம்பிராவில் வயர் உருகித் தீப்பிடித்தால் வரிசை முழுதும் போகிறது. செய்தியில் எரிந்த வீடுகளின் எண்ணிக்கை வரும். எரிந்த பத்திரங்களை யாரும் எண்ணுவதில்லை.

இதையெல்லாம் நினைத்துத்தான் அவன் வேலை பார்க்கிறான் என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. முதலில் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்தான். மல்டி ப்ளக்கைத் தொட்டுச் சூடு பார்த்தான். பிறகு அப்டேட், டிஸ்க்கின் ஆரோக்கிய அறிக்கை. கடைசியில் பெக்கப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து, எழுத்து எழுத்தாகப் படித்தான். எடுத்துப் பார்க்காத பெக்கப்பை நம்பக்கூடாது. இதைப் பெரிய நிறுவனங்களே மறந்துவிடுகின்றன.

ஊரார் பத்திரம் என்பதால் டிஸ்க் முழுதும் கடவுச்சொல்லால் பூட்டிய குறியாக்கத்தில் இருக்கிறது. இன்டர்நெட்டிலிருந்து உள்ளே வர வழியே வைக்கவில்லை. அதே பிரதியோடு இன்னொரு டிஸ்க் ஹட்டனில் அக்கா வீட்டில் இருக்கிறது. சாமான் வாங்கப் போகும்போது மாற்றிக்கொண்டு வருகிறான். இந்த லயமே எரிந்தாலும் மிஞ்சப்போவது அதுதான். என் கணக்கில் உண்மையான சேர்வர் ஹட்டனில் இருப்பது.

படம் மூலப்பத்திரம் ஆகாது. ஆனால் பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுப்பது சுலபம். இல்லாவிட்டால் பழைய பதிவேடுகளில் தேடவைக்க வேண்டும். சேர்வர் எல்லா வீட்டிலும் இருக்க முடியாது. உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பத்திரத்தின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் இந்த வாரமே கொடுத்துவையுங்கள்.