சம்பந்தியின் பழைய கட்டு



போன வெள்ளிக்கிழமை பாலையம்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். "உங்க சம்பந்திக்கு அமெரிக்கா விசா இல்லைன்னுட்டாங்களாமே?" "ஜெயிலுக்குப் போன ஆளாமே?" "ரெண்டு பொண்டாட்டியாமே?" சம்பந்தியிடம் சொன்னேன். "நீங்கதான் செல்போன்ல நீளநீளமா எழுதுறீகளே, இதையும் எழுதிப் போட்டுருங்க சம்பந்தி. ஆளுக்கொண்ணு பேசுறதுக்கு உள்ளது தெரிஞ்சிட்டுப் போகட்டும்" என்றார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன்.

சம்பந்தியம்மா இறந்து மூன்று வருடம். திருச்சுழிக்குத் தெற்கே ஊரில் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். தை மாதம் ஆட்டுக்கொட்டத்தில் வழுக்கி விழுந்து விடியும்வரை கிடந்திருக்கிறார். அதைக் கேட்டதும் மருமகள் அப்பாவை அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டாள். அவள் அமெரிக்கக் குடிமகள், ஐ-130 மனு போடலாம். ஆனால் கைக்குழந்தையோடு இருப்பதால் வேலையில்லை. ஆகவே என் மகன் தன் சம்பளத்தைக் காட்டி ஐ-864ஏ என்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது லேசான கையெழுத்து இல்லை. வருகிறவர் அங்கே குடியுரிமை பெறும் வரை, அல்லது பத்து வருட வேலைக் கணக்கு ஏறும் வரை, அல்லது ஒரேயடியாக நாடு திரும்பும் வரை, அவரைத் தாங்குவது கையெழுத்திட்டவர் பொறுப்பு. நாளைக்குப் புருசன் பெண்டாட்டிக்குள் விவாகரத்தே ஆனாலும் மாமனார் பொறுப்பு தீராது.

மனுவில் ஒரு கேள்வி: இவருக்கு எத்தனை முறை திருமணம் ஆனது? போனில் மகள் கேட்க, அப்பா பதில் பேசாமல் வைத்துவிட்டார். மகன் என்னைக் கூப்பிட்டான். "அப்பா, நீங்க போய்க் கேளுங்க. இவ அழுதுக்கிட்டே இருக்கா."

கல்யாணம் பேசும்போது ஜாதகம் பார்த்தோம், நகை பேசினோம். இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடித்திருப்பேனா என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்துச் சொன்னார். 1981ல் ஒரு கல்யாணம். ஒத்துவரவில்லை. மறுவருடமே பஞ்சாயத்துக் கூடி அத்துவிட்டார்கள். பேப்பர் கிடையாது. 1984ல் கண்மாய் மடை திறக்கிற தகராறு. அடிதடியில் பதினேழு பேர் மேல் வழக்கு, இவர் பதினொரு நாள் ரிமாண்டில் இருந்தார். அப்புறம் இரு தரப்பும் ராசியானார்கள். கோர்ட் என்ன எழுதியது என்று அவருக்கே தெரியாது. "வக்கீல் வீட்டுக்குப் போகச் சொன்னாரு, போயிட்டேன்."

பாஸ்போர்ட் ஆபீஸ் மூலம் வாங்கிய போலீஸ் சான்றிதழ் சுத்தமாக வந்திருந்தது. மதுரை ஏஜெண்ட் ஒருவர், "சார், சர்டிபிகேட்டே கிளீன். ஒரு கல்யாணம், வழக்கு இல்லைன்னு போட்டுடுங்க" என்றார். மகனும் அரை மனதாக இருந்தான். எனக்கே கொஞ்சம் சபலம்தான்.

அங்கே ஒரு குடிவரவு வக்கீலிடம் மகன் விசாரித்த பிறகுதான் விசயம் புரிந்தது. வழக்கு உண்டு என்று சொன்னால் விசாரிப்பார்கள், மறுக்கவும் கூடும். மறைத்து மாட்டினால் வாழ்நாள் தடை. அந்தத் தடைக்கு விலக்குக் கேட்க, அங்கே மனைவியோ பெற்றோரோ இருக்க வேண்டும். மகள் இருப்பது கணக்கில் சேராது! யாருக்காகப் பொய் சொல்கிறோமோ அவளைக் காட்டியே மன்னிப்புக் கேட்க முடியாது.

அலைச்சல் தொடங்கியது. 1984ல் நாம் ராமநாதபுரம் மாவட்டம், 1985ல்தான் பிரிந்தோம். என்னிடம் படித்து இப்போது வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் தம்பி (நீ இதைப் படிப்பாய், நன்றியப்பா) நாலு முறை நகல் மனு போட்டான். பழைய கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்று எழுத்தில் பதில் வந்தது. அதுவும் ஒரு ஆதாரம்தான், பத்திரமாக வைத்திருக்கிறோம். இதே திருச்சுழியில் பிறந்த ரமணர் 1896ல் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு ரயிலேறிவிட்டார். அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் வாய்க்காது.

கல்யாண விசயத்துக்கு வழி இருந்தது. இந்து திருமணச் சட்டம் 29(2) வழக்கப்படியான மணமுறிவை ஏற்கிறது. ஆனால் அப்படி வழக்கம் இருந்ததையும், அதன்படி அத்துவிட்டதையும் நிரூபிக்க வேண்டும். பஞ்சாயத்தில் இருந்தவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். இன்னொரு சாட்சி அந்த அம்மாதான்.

நரிக்குடிப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சம்பந்தி வரமாட்டேன் என்றுவிட்டார். வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார், பேரன் பேத்தி எடுத்தவர். விசயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"நாப்பது வருசத்துக்கு முன்னால அத்த கயித்துக்கு இப்பக் கையெழுத்தா, வாத்தியாரே?"

தலை குனிந்து நின்றேன். அவருடைய மூத்த மகன் "எதுக்கும்மா வம்பு?" என்றான். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு ஆத்தாவும் இல்லையாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் மகனையே கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை வந்து பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பஸ் காசுகூட வாங்கவில்லை.

மனு போன மாதம்தான் போயிருக்கிறது. யாரும் எதையும் இல்லை என்று சொல்லவில்லை. கலியாணம் இரண்டு என்றே எழுதியிருக்கிறோம். பின்னால் டிஎஸ்-260 படிவத்தில் கைது பற்றிக் கேட்பார்கள், அதற்கும் ஆம் என்றுதான் பதில். மகன் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டான், நானும் தடுக்கவில்லை. நேர்காணல் மும்பையில்.

நேற்றுப் போனேன். சம்பந்தி குதிரைவாலி விதையைப் புடைத்துக்கொண்டிருந்தார். "மழை பெஞ்சா வெதைச்சிருவேன் சம்பந்தி. பம்பாய்க்குக் கூப்பிட்டா அப்பப் பாத்துக்கிருவோம்" என்றார்.