டிரான்ஸ்மிட்டருக்குள் ஒரு ரேடியோ

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதையில் எஃப்.எம். கேட்டுக்கொண்டே போனால், ஒரு வளைவில் பாட்டு வரும், அடுத்த வளைவில் வெறும் 'உஸ்ஸ்' தான். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. ஜவ்வாது மலை மாதிரி ஒன்று குறுக்கே நின்றால் அதன் பின்னால் நிழல் விழும். மலையே இல்லாவிட்டாலும் பூமியின் வளைவு விடாது. கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அலை போகும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கி.மீ. சென்னையோ போளூரிலிருந்து நேர்கோட்டில் 130 கி.மீ.க்கு மேல்!

இதற்கு மருந்து, நடுவில் உயரமான இடத்தில் ஒரு ரிலே டிரான்ஸ்மிட்டர். ஸ்டூடியோவோ அறிவிப்பாளரோ இல்லாத இடம். அப்படியானால் நிகழ்ச்சி எங்கிருந்து வருகிறது? உள்ளே இருக்கும் ஒரு ரிசீவரிலிருந்து. பேசுகிற பெட்டிக்குள் கேட்கிற பெட்டி.

வேலை செய்யும் விதம் நம் வீட்டு ரேடியோ போலத்தான். 1918-ல் ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த சூப்பர்ஹெட்டரோடைன் முறை. சென்னை ரெயின்போவின் 101.4 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். ரிசீவர் தனக்குள்ளேயே 112.1 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கி இரண்டையும் கலக்கும். வித்தியாசம் 10.7. எந்த ஸ்டேஷனை வைத்தாலும் இந்த 10.7-க்குக் கொண்டுவந்துவிட்டால், வடிகட்டுவதும் பெருக்குவதும் சுலபம். ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை எடுத்து டிரான்ஸ்மிட்டரில் கொடுக்கக் கூடாது. ஸ்டீரியோவுக்கான 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் அதில் காணாமல் போயிருக்கும். பிரிப்பதற்கு முந்தைய முழுக் கலவையையும் அப்படியே கொடுக்க வேண்டும்.

உண்மையான தலைவலி வேறு. தூரத்திலிருந்து ஆன்டெனாவில் வந்து சேர்வது 10 மைக்ரோவோல்ட் என்றால், 50 ஓம் இன்புட்டில் அது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் இரண்டு பங்கு. பக்கத்திலேயே 100 வாட் டிரான்ஸ்மிட்டர் கத்திக்கொண்டிருக்கும். வித்தியாசம் 50 லட்சம் கோடி மடங்கு! வாங்கிய அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பினால், கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் நீட்டிய கதைதான். அதனால் வேறு அலைவரிசைக்கு மாற்றி அனுப்புகிறார்கள். அப்போதும் ரிசீவரின் காது அடைத்துப்போகும் என்பதால், வாசலில் கேவிட்டி ஃபில்டர் வைத்து, ஆன்டெனாக்களைத் தள்ளி வைக்கிறார்கள்.

இன்னொரு சின்ன சர்க்யூட்டும் உண்டு. வரும் சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தச் சொல்வது. அது இல்லாவிட்டால், புயல் எச்சரிக்கைக்காகக் காத்திருப்பவர்களுக்கு 100 வாட் பலத்தில் இரைச்சல்தான் போய்ச் சேரும். ஸ்டேஷன் கிடைக்காவிட்டால் வேறு ஸ்டேஷனையாவது திருப்பிப் பார்ப்பார்கள். பலமான இரைச்சல் வந்தால் தங்கள் ரேடியோதான் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

1983-ல் இன்சாட்-1பி மேலே போனதும் இந்தக் காது பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. தூர்தர்ஷனின் 100 வாட் நிலையங்கள் ஊர் ஊராக முளைத்தது அதன் பிறகுதான். டிஷ் வானத்தைப் பார்த்து கிகாஹெர்ட்ஸில் கேட்கும், கோபுரம் மெகாஹெர்ட்ஸில் பேசும், ஒன்றின் சத்தம் மற்றதற்கு அவ்வளவாக எட்டாது. அந்த டிவி நிலையங்களில் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டுவிட்டன. வானொலியின் ரிலே நிலையங்கள் இன்னும் டிஷ் வழியாகக் கேட்டுத்தான் பேசுகின்றன.